பழைய வாடகை வீடுகளில் ஈய நச்சுத் தடுப்பு (திருவண்ணாமலை)

பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், கிரில், கேட் ஆகியவற்றின் மேல் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் எனாமல் பெயிண்டில் உள்ள ஈயம், தூசியாகவும் செதிலாகவும் உதிர்ந்து வீட்டில் வசிப்பவர்களின், குறிப்பாக ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின், உடலுக்குள் போவதைத் தடுக்கும் முறைகள் பற்றியது இக்கட்டுரை. நச்சு பெயிண்டில்தான் இருக்கிறது என்றாலும், பெயிண்ட் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஆபத்து குறைவு. வீட்டைப் புதுப்பிக்க அதே பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் சில நாட்களில் அது பன்மடங்காகிறது. அழகுபடுத்தும் வேலையாகத் தொடங்குவது குழந்தைக்கு நஞ்சூட்டும் வேலையாக முடிந்துவிடக்கூடும். அந்தச் சில நாட்களைச் சரியாகக் கையாள்வதே தடுப்பின் பெரும்பகுதி.

ஊரும் வீடுகளும்

திருவண்ணாமலையில் அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் திண்ணையும் மரத்தூணும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. குறுக்கே சுவர் எழுப்பி இரண்டு மூன்று குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்ட வீடுகளும் அவற்றில் உண்டு. ரமண மகரிஷி 1896-ல் இந்த ஊருக்கு வந்து 1950 வரை இங்கேயே இருந்தார். ரமணாசிரமம் வளர்ந்தபின் செங்கம் சாலைப் பக்கமும் கிரிவலப் பாதை ஓரமும், மாதக்கணக்கில் தங்க வருபவர்களை நம்பிக் கட்டிய வீடுகள் பெருகின. ஒட்டுத்தளம் போட்ட பழைய வீடானாலும், கான்கிரீட் தளமும் கிரில் அடைத்த வராந்தாவும் கொண்ட பிந்தைய வீடானாலும், வாடகைக்கு ஆள் மாறும்போது கதவு ஜன்னலுக்கு ஒரு கோட்டிங் அடித்துக் கொடுப்பது வழக்கம். பழைய பூச்சை முழுக்க எடுப்பதில்லை. மேலாக லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடிப்பார்கள். அதனால் இன்று பளபளப்பாகத் தெரியும் கதவின் அடியில் முப்பது, நாற்பது ஆண்டுப் பூச்சுகள் அப்படியே இருக்கலாம்.

பெயிண்ட் வேலைக்கு இந்த ஊரில் ஒரு காலக்கணக்கு உண்டு. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு சுற்று, தை பிறப்பதற்குள் இன்னொரு சுற்று. முதல் சுற்று வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது. சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே தேய்த்தால் தூசி வெளியேற வழியில்லாமல் தரையிலும் பாயிலும் பாத்திரத்திலும் படியும். தீபத்தன்று உறவுக்காரர்கள் குழந்தைகளோடு வந்து தங்குவதும் அதே அறைகளில்தான்.

ஈயம் இருக்கும் இடங்கள்

சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈயம் இல்லை. கோயில் மதிலிலும் திண்ணையிலும் காணும் காவிப் பட்டை இரும்பு கலந்த மண், அதுவும் தொல்லையில்லாதது. சுவருக்கு அடிக்கும் டிஸ்டம்பர், பிளாஸ்டிக் பெயிண்ட் ஆகியவற்றில் ஈயம் பொதுவாகக் குறைவு. அஞ்ச வேண்டியது மரத்துக்கும் இரும்புக்கும் அடித்த எண்ணெய் பெயிண்டை, அதாவது எனாமலை. டெல்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. பிளாஸ்டிக் பெயிண்ட் மாதிரிகளில் ஈயம் மிகக் குறைவாகவும், எனாமல் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் மிக அதிகமாகவும் இருந்தது.

எனாமலில் ஈயம் சேர்ந்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஈயக் குரோமேட் மங்காத மஞ்சளையும் ஆரஞ்சையும் தரும். நீலத்தோடு கலந்தால் பச்சையும் கிடைக்கும். ஈயச் சேர்மங்கள் பெயிண்டைச் சீக்கிரம் காய வைக்கும். ஈயச் செந்தூரம் இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் என்பதால் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிப்பூச்சாகப் போனது. (இன்று கடையில் கேட்டு வாங்கும் ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. பழைய ஈயச் செந்தூரப் பூச்சு வேறு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.)

வீட்டுக்குள் முதலில் பார்க்க வேண்டிய இடம் நிலைப்படி. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதற்குப் பதிலாக, மஞ்சள் எனாமலை அடித்து அதன்மேல் சிவப்பில் பொட்டுகள் வரைந்துவிடும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் ஈயம் மிகுந்திருந்த நிறங்கள். பழைய வீட்டின் நிலைப்படியைக் குனிந்து பார்த்தால் ஓரங்களில் மஞ்சள் தடிப்பாகவும் விரிசல் விட்டும் இருக்கும். கால் படும் நடுப்பகுதியில் பெயிண்ட் போய் மரம் தெரியும். காணாமல் போன அந்தப் பெயிண்ட், மிதிபட்டுப் பொடியாகி இரண்டு பக்கத்துத் தரைக்கும் போயிருக்கிறது. தவழும் குழந்தை கையை ஊன்றி ஏறி இறங்குவது அந்தப் படியில்தான். ஊன்றிய கை அடுத்த நொடியில் வாய்க்குப் போகும்.

அடுத்தது ஜன்னல். கதவும் சட்டமும் உரசும் விளிம்பில் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் தூசி உதிர்ந்து ஜன்னல் கட்டையில் தங்கும். பல் முளைக்கும் பிள்ளைகள் நின்றுகொண்டு தெருவை வேடிக்கை பார்க்கும்போது வாய் வைப்பது அந்தக் கட்டையிலும் கம்பியிலும்தான். வராந்தா கிரில், மாடிப்படிக் கைப்பிடி, பழைய மரத் தொட்டில், நடைவண்டி, இரும்பு பீரோ ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

உலகில் இந்த நோயின் மூலத்தை முதலில் கண்டு சொன்னதும் இப்படிப்பட்ட வராந்தாக்களைப் பார்த்துத்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கண் மருத்துவராக இருந்த லாக்ஹார்ட் கிப்சன், தன்னிடம் வந்த குழந்தைகளின் ஈய நச்சுக்கு வராந்தாக் கம்பிகளிலும் அறைச் சுவர்களிலும் இருந்த பெயிண்டே காரணம் என்று 1904-ல் எழுதினார். வெயிலில் காய்ந்து பொடியாகும் பெயிண்ட் பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்பது அவர் விளக்கம். குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் ஈய பெயிண்ட் அடிப்பதை அந்த மாநிலம் 1922-ல் கட்டுப்படுத்தியது. வெயிலும் வராந்தாவும் நம் ஊரிலும் அதேதான். நமக்குச் சட்டம் வர மேலும் 94 ஆண்டுகள் ஆயின.

பெயிண்டைத் தவிர வேறு வழிகளும் உண்டு. பழைய பிவிசி குழாய்களில் ஈயம் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டது. அதைக் கட்டுப்படுத்தும் மத்திய விதிகள் 2021-ல் வந்தன. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பிரிப்பது, கலப்பட ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பது, செந்தூரம் கலந்த குங்குமம், தகுதியற்றவர்கள் தரும் ஈயம் கலந்த பற்பம் போன்ற மருந்துகள் ஆகியவற்றையும் மருத்துவர் விசாரிக்க வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம். ஆனால் விலை மலிவுக்காக அதில் காரீயம் (இக்கட்டுரை பேசும் ஈயம்) கலந்திருந்தால் புளியின் அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும்.

உடலில் செய்வது

ஈயத்துக்கு உடலில் எந்த வேலையும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் ஈர்ப்பதைப்போல நான்கைந்து மடங்கு பங்கைச் சிறு குழந்தைகள் ஈர்த்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்புச்சத்தைப்போல நடித்து அது எலும்பில் போய்த் தங்கி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து வரும்போது ஈயமும் கூடவே வந்து கருவுக்குப் போகும். சிறுவயதில் தின்ற நஞ்சு அடுத்த தலைமுறைக்கும் எட்டும் என்பது இதனால்தான்.

அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடையில் 1 விழுக்காடு ஈயம் உள்ள பழைய பெயிண்டில் பத்தில் ஒரு கிராம் செதில், அதாவது ஒரு நகத்துண்டு அளவு, 1000 மைக்ரோகிராம் ஈயத்தைக் கொண்டிருக்கும். உணவு வழியாக ஒரு குழந்தைக்குள் ஒரு நாளில் போகும் ஈயத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் எச்சரிக்கை வரம்பு 2.2 மைக்ரோகிராம்.

அறிகுறிகள் நோயைக் காட்டிக்கொடுப்பதில்லை. வயிற்றுவலி, மலச்சிக்கல், பசியின்மை, சோர்வு, எரிச்சல், ரத்தசோகை என்று வருபவை எல்லாமே வேறு நூறு காரணங்களாலும் வரக்கூடியவை. பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அறிகுறியே இல்லாமல் அறிவுத்திறனும் கவனமும் குறைவதுதான் பெரிய இழப்பு; பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு ‘மந்தம்’ என்ற பெயர் விழுந்துவிடும். மிக அதிக அளவில் வலிப்பும் நினைவிழப்பும் மரணமும் நேரும். மண், பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு என்று சுரண்டித் தின்னும் பழக்கம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து காணப்படுவது; இரும்புச்சத்து குறைந்த குடலோ ஈயத்தை இன்னும் அதிகமாக ஈர்க்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் சுவரைச் சுரண்டித் தின்னும் குழந்தையை அடித்துத் திருத்துவதை விட்டுவிட்டு, ரத்தத்தைச் சோதிப்பதே முறை.

ஆய்வுகளும் விதிகளும்

இந்தியாவில் இந்தப் பிரச்சினையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் பெங்களூர் ஜார்ஜ் ஃபவுண்டேஷனுக்குப் பெரிய பங்குண்டு. 1990-களின் பிற்பகுதியில் சென்னை உட்படப் பல நகரங்களில் ரத்தப் பரிசோதனை செய்து, 12 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதை 1999-ல் அது வெளியிட்டது. 2000 பிப்ரவரியில் நாடு முழுதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. ஆனாலும் சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. ஈயம் கூடக்கூட, ஆசிரியர்கள் கவனித்த கவனக்குறைவும் படபடப்பும் கூடின. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகள் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயத்தோடு வாழ்வதாக மதிப்பிட்டது.

வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகள் 2016 நவம்பர் 1-ல் அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. வரம்பு 90 பிபிஎம். ஒரு கிலோ பெயிண்டில் 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது; அதை டப்பாவில் அச்சிடவும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதற்கு முன்பே ஈயத்தைக் குறைத்துவிட்டிருந்தன. விதி வந்த பின்னும் சிறு, நடுத்தர நிறுவனங்களின் பெயிண்டுகளில் வரம்பு மீறிய ஈயத்தை டாக்சிக்ஸ் லிங்க் கண்டது. தொழிற்துறைப் பெயிண்டுகள் இந்த விதிக்குள் வரவில்லை. ஆகவே பட்டறையில் கிரில் செய்து வாங்குபவர்கள் என்ன பிரைமர் அடிக்கிறார்கள் என்று டப்பாவை வாங்கிப் பார்ப்பது நல்லது. நடைமுறையில் எளிய கணக்கு இது: 2017-க்கு முன் அடித்த எந்த எனாமலையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

புதுப்பிக்கும்போது

முதல் கேள்வி, பழைய பூச்சை எடுத்தே ஆக வேண்டுமா என்பது. உரியாமல், வெடிக்காமல் இருக்கும் பெயிண்டை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, அதன்மேல் ஈயமற்ற பெயிண்டை அடித்து மூடிவிடுவது போதும். தேய்க்காமல் அடித்தால் ஒட்டாது என்று பெயிண்டர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. பளபளப்பைக் கொஞ்சம் எடுக்க வேண்டும்தான். அதற்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். கதவும் ஜன்னலும் உரசும் விளிம்புகளையும் நிலைப்படியையும் மட்டும் மூடிவிட்டுப் பயனில்லை, மறுபடியும் தேயும். அங்கே ஈரமாக அடிவரை எடுத்துவிட வேண்டும், அல்லது கட்டையையே மாற்ற வேண்டும்.

செய்யவே கூடாதவை மூன்று. உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது முதலாவது. கிரைண்டரிலும் டிரில்லிலும் கம்பி பிரஷ் மாட்டிச் சுற்றவிடுவது அதைவிடக் கொடியது. அரைமணி நேரத்தில் தெருவே மூடிப்போகும் அளவு நுண்தூசி கிளம்பும். புளோ லேம்ப்பால் பெயிண்டைக் கருக்கிச் சுரண்டுவது மூன்றாவது. கருகும் பெயிண்டிலிருந்து ஈயம் புகையாக எழுந்து நேரே நுரையீரலுக்குப் போகும்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து கழுவித் துடைக்கும்வரை வேறு இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் இருப்பது போதாது. காற்றோடு தூசி அங்கும் போகும். பல குடித்தனங்கள் உள்ள வீட்டில், வேலை நடக்கும் நாளை எல்லாக் குடித்தனத்துக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாய், தலையணை, துணிமணி, விளையாட்டுச் சாமான், பூஜைப் பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, நகர்த்த முடியாதவற்றைப் பாலிதீன் ஷீட்டால் போர்த்தி டேப் ஒட்ட வேண்டும். தரையிலும் ஷீட் விரித்து, அறை வாசலில் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். கிணறு, தண்ணீர்த் தொட்டி, மாடியில் காயும் வற்றல் வடகம் ஆகியவற்றையும் மறக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும்பும். செதில்களை ஈரத்தோடு கையுறை போட்டுப் பொறுக்கி, ஷீட்டை உள்பக்கமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து மறுபடி துடைக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்றி, அழுக்குத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்ற வேண்டும். முருங்கையும் கீரையும் நிற்கும் கொல்லையில் ஊற்றக் கூடாது. சில நாட்கள் தொடர்ந்து ஈரத்துணியால் துடைத்துவருவது நல்லது.

கழற்றிய கதவு, ஜன்னல் சட்டங்களின் கதை தனி. வெந்நீர் அடுப்புக்கு விறகாகவும் போகிப் பண்டிகையில் எரிப்பதற்கும் அவை போகின்றன. பெயிண்ட் அடித்த மரத்தை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் தங்கும்; அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்கினால் கேடு இரட்டிப்பாகும். இன்னொரு பக்கம், பெயிண்ட் உரிந்த பழங்காலத் தோற்றம் அழகு என்று வாங்கி மேசையாகவும் கட்டிலாகவும் மாற்றுகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு அந்தக் கதவு ஆகாது.

வீட்டுக்காரரும் வாடகைதாரரும்

அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், தனக்குத் தெரிந்த ஈய பெயிண்ட் விவரத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. இருப்பதை வைத்துத்தான் வாடகைதாரர் பேச வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயமாக்கியது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவற்றை அதன் அட்டவணை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. ஆகவே உரியும் பெயிண்டைச் சரிசெய்யக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. அட்வான்ஸ் கொடுக்குமுன் நிலைப்படி, ஜன்னல் கட்டை, கிரில் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும், ‘ஈரமாகத் தேய்த்தே பெயிண்ட் அடிக்கப்படும், முடிந்தபின் கழுவித் துடைத்த பிறகே குடிவரவு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதும் பின்னால் வரும் பேச்சைக் குறைக்கும். வீட்டுக்காரருக்கு இதில் கூடுதல் செலவு அதிகமில்லை: சில மீட்டர் ஷீட், ஒரு நாள் கூலி.

வீட்டுக்காரர் அசையாவிட்டால் வாடகைதாரர் தானே செய்யக்கூடியதும் இருக்கிறது. ஜன்னல் கட்டையையும் தரையையும் வாரம் இருமுறை ஈரத்துணியால் துடைப்பது, தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுவது, நிலைப்படியின் மேல் ரப்பர் விரிப்பை அடித்து மூடுவது, சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது ஆகியவை பலன் தரும். கேழ்வரகு, கீரை, முட்டை, நெல்லிக்காய் என்று இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள உணவு ஈயம் ஈர்க்கப்படுவதைக் குறைக்கும்; ஏற்கெனவே போனதை எடுத்துவிடாது.

சோதனையும் சிகிச்சையும்

பெயிண்டைச் சோதிக்க, எல்லா அடுக்கும் வரும்படி அடிவரை வெட்டிய செதிலை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கையில் கொண்டுவந்து ஊடுகதிரால் அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அதை ஷீட்டுக்கும் ஈரவேலைக்கும் செலவிடுவது மேல்.

குழந்தைக்குச் செய்ய வேண்டியது ரத்த ஈயப் பரிசோதனை. வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் இது சேராது, தனியே எழுதிக் கேட்க வேண்டும். விரல் நுனியில் எடுக்கும் சொட்டில் தோலில் ஒட்டிய தூசியும் கலந்து அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், அதிகம் என்று வந்தால் சிரையில் ரத்தம் எடுத்து உறுதிசெய்வார்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வழிகாட்டியது. அமெரிக்காவில் அந்த ஆண்டு முதல் கவன வரம்பு 3.5. குழந்தைக்கு 45 அல்லது அதற்கு மேல் போனால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் சக்சிமர் போன்ற மருந்துகளை மருத்துவமனைக் கண்காணிப்பில் தருவார்கள். சிகிச்சை முடிந்த குழந்தையைப் பழைய தூசிக்கே திருப்பி அனுப்பினால் அளவு மறுபடி ஏறும்.

பெயிண்டர்கள்

குடியிருப்பவர்களைவிட நீண்ட காலம் இந்தத் தூசியில் இருப்பவர்கள் பெயிண்டர்களும், அவர்களோடு சுரண்டும் வேலைக்கு வரும் கையாட்களும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஈய நச்சு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. ஆனால் வீட்டு வாசலில் சாரம் கட்டி நிற்பவருக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. என்95-க்குக் குறையாத முகக்கவசம் வேண்டும், அதை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தூசி படிந்த கையோடு டீ குடிப்பதும் பீடி பற்றவைப்பதும் ஈயம் உள்ளே போகும் நேர்வழி. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால் நஞ்சு அந்த வீட்டுக்கும் போகும். குளித்து உடைமாற்ற வேலை நடக்கும் வீட்டிலேயே ஒரு குழாயும் மறைவும் ஒதுக்கித் தர வேண்டும். கழற்றிய துணியைத் தனிப் பையில் கட்டி எடுத்துப்போய், மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும்.